நாலரை அடி லேத், அறுபத்திரண்டு மீட்டர் வயர்: செட்டிநாட்டு வீடொன்றில் பட்டறை வைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 2023இல் நடந்தது இது. வீட்டுக்காரருக்கு அப்போது வயது 61. திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது ஆண்டுக்கு மேல் டர்னராக (லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவராக) இருந்தவர். ஓய்வு பெற்றதும் பூர்வீக வீட்டுக்கு வந்து தங்கினார்.

வீடு பங்கு வீடு. மொத்தம் 11 பங்காளிகள். ஊரிலேயே குடியிருப்பது இரண்டு குடும்பம் மட்டும். செட்டிநாட்டு வழக்கப்படி முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் நீள வீடு. வளவு (முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டு), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டிப் போனால் முன்பு நெல் போட்டு வைத்த அறை ஒன்று சும்மா கிடந்தது. அதில் ஒரு சிறிய கடைசல் பட்டறை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆசைக்குக் காரணம் அந்த வீட்டிலேயே இருந்தது. பர்மா தேக்குக் கதவுகள் அப்படியே நிற்கின்றன. குடுமி (கதவு சுழலும் முளை) தேய்ந்து, தாழ்ப்பாள் ஆடி, பூட்டின் உள்ளே திருகு மழுங்கிக் கிடக்கின்றன. பழைய இரும்புச் சாமான்களின் மரை (திருகின் சுற்றுப்பள்ளம்) எல்லாம் அங்குலக் கணக்கு. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகிவிடும். அந்த மரையை நாமே கடைந்துகொண்டால் ஒழிய வழியில்லை.

நான் ஐ.டி.ஐ. ஒன்றில் மின்சாரப் பிரிவில் பயிற்றுநராக இருந்தவன். லேத் பார்க்கப் போனபோது உடன் போனேன். பிறகு மின்சார வேலை முழுக்க என் பொறுப்பில் நடந்தது. கீழே வரும் தவறுகளில் பெரிய பங்கு என்னுடையது.

கோவையில் பார்த்த மூன்று லேத்

மாசி மாதம் கோவைக்குப் போய், பழைய இயந்திரம் விற்கும் இடங்களில் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். மூன்று லேத் மட்டும் நின்று பார்க்கத் தக்கதாக இருந்தன.

முதலாவது ஐந்தரை அடி, முழுக்கக் கியர் வைத்தது. பச்சை பெயின்ட் இன்னும் மணந்துகொண்டிருந்தது. அண்ணன் (வீட்டுக்காரரை நான் அப்படித்தான் அழைப்பேன்) பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. கேரேஜை (வெட்டும் உளியைத் தாங்கி நகரும் பகுதி) டெயில் ஸ்டாக் (வேலைப் பொருளின் மறுமுனையைத் தாங்குவது) பக்கம் கொண்டுபோய், கையால் தள்ளினால் லேசாக நகரும் அளவுக்கு ஜிப்பை (கேரேஜின் ஆட்டத்தைக் குறைக்கும் தகடு) இறுக்கினார். பிறகு சக் (வேலைப் பொருளைப் பிடித்துச் சுற்றுவது) பக்கம் கொண்டுவந்தார். அங்கே கேரேஜ் தொளதொளவென்று ஆடியது. எந்த லேத்திலும் சக்குக்குப் பக்கத்து ஓரடியில்தான் வேலை நடக்கும். கேரேஜ் ஓடும் தண்டவாளமான பெட் தேய்வதும் அங்கேதான். இரு முனைக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் அந்த பெட் தன் ஆயுளை முடித்துவிட்டது. ஜிப்பைத் தேய்ந்த இடத்துக்கு ஏற்ப இறுக்கினால் தேயாத இடத்தில் கேரேஜ் நகராது. அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது நாலரை அடி. பெட் பரவாயில்லை; வெவ்வேறு அளவு மரை வெட்ட உதவும் மாற்றுக் கியர்களில் பாதியைக் காணோம். மரை வெட்டத்தான் லேத் என்று கிளம்பியவருக்கு அது உதவாது. ஒவ்வொரு கியராகத் தேடிச் சேர்க்கலாம் என்றார் விற்பவர். அண்ணன் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

மூன்றாவதும் நாலரை அடி. ஒரு கல்வி நிறுவனத்தில் மாணவர் பயிற்சிக்கு இருந்து ஏலத்தில் வந்தது. ஸ்டெப் புல்லியில் பெல்ட் மாற்றி வேகம் மாற்றும் பழைய அமைப்பு. மரை வெட்டும்போது கேரேஜை இழுக்கும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை, கியர் செட் முழுசாக இருந்தது. சக்கில் அரை அடிக் கம்பி ஒன்றைப் பிடித்து, ஸ்பிண்டிலுக்கு (சக்கைச் சுற்றும் தண்டு) டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்துக் கம்பியை நெம்பிப் பார்த்தார். முள் அசைந்தது 0.02 மில்லிமீட்டருக்குள். அடுத்து 30 மில்லிமீட்டர் கம்பியை டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு லேசாகச் சீவினார். இரு முனைக்கும் விட்டத்தில் 0.03 வித்தியாசம். உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றியது. நட்டு தேய்ந்திருக்கிறது, அது மாற்றிக்கொள்ளக் கூடிய சாமான் என்று சொல்லிவிட்டார்.

விலை 85,000 ரூபாய்க்கு முடிந்தது.

மோட்டார் அதே லேத்தில் இருந்த பழைய மூன்று ஃபேஸ் மோட்டார், 2 எச்.பி. கடையில் மூன்று ஃபேஸ் இருந்ததால் அங்கே நன்றாக ஓடியது. சோதனை வெட்டு நடந்த அரை மணி நேரமும் நான் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அதன் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. ‘வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான், அதற்கு ஒரு மோட்டார் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சாதாரணமாகச் சொன்னேன். இரும்பைப் பற்றி அண்ணன் கேட்ட அளவுக்குக் கேள்விகளை மின்சாரத்தைப் பற்றி நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

உள்ளே ஏற்றியது

லேத் பின்தெரு வழியாக வந்தது. முகப்பு வழியாகக் கொண்டுபோனால் வழியெல்லாம் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. அதன்மேல் அரை டன்னுக்கு மேல் எடையை உருட்ட யாருக்கும் மனமில்லை. பின்வாசலில் தடை, உயர்ந்த நிலைப்படி. இரு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, பனஞ்சட்டம் போட்டுச் சரிவு கட்டினோம். சட்டத்தின் எடை படியில் இறங்காமல் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் கட்டில் குடியிருக்கும் ஆச்சி படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ‘படியை மிதிக்காம தாண்டிப் போங்கப்பா’ என்று கூடவே நின்றார். அவர் சொன்னது சாங்கியத்துக்காக. எங்களுக்கு அது தேக்கைக் காப்பாற்றியது.

லேத்தின் எடை தலைப்பக்கம்தான் குவிந்திருக்கும். தரையிலிருந்து உயரமாகவும் இருக்கும். டெயில் ஸ்டாக்கையும் மோட்டாரையும் கழற்றிவிட்டு, இரும்புக் குழாய்களை உருளையாக வைத்து, தலைப்பக்கத்தை முன்னால் விட்டு நகர்த்தினோம். நான்கு பேர், இரண்டு மணி நேரம், சேதமில்லை. அறைத் தளம் சுண்ணாம்புக் காரை என்பதால் லேத் நிற்கும் இடத்தை மட்டும் வெட்டி, ஆறு அங்குல கான்கிரீட் போட்டிருந்தோம். அதிர்வு ஏறாதபடி சுவரைத் தொடாமல் ஓரங்குலம் இடைவெளி விட்டோம்.

முதல் முயற்சி: சிங்கிள் ஃபேஸ் மோட்டார்

மூன்று ஃபேஸ் இணைப்பு வாங்குவதைத்தான் முதலில் விசாரித்தோம். மீட்டர் இன்னும் அண்ணனுடைய ஐயா பெயரில் இருந்தது. அவர் காலமாகி நாற்பது ஆண்டாகிறது. பெயர் மாற்ற வேண்டும், அதற்குப் பங்காளிகள் சம்மதம் வேண்டும். பதினொருவரில் இருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஒரு வருடமாவது ஆகும் என்று கணக்கிட்டு அதைத் தள்ளிவைத்தோம்.

பங்குனியில் 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்றை 11,500 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினேன். மூன்றாம் கட்டு வரை ஏற்கெனவே ஓடிய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரிலேயே இணைப்பும் கொடுத்தேன். வயர் புதியது, ஐந்தாறு ஆண்டுக்கு முன் போட்டது, அதனால் சந்தேகப்படவில்லை.

பெல்ட் குறைந்த வேகத்தில் இருக்கும்போது மோட்டார் முக்கி முனகிக் கிளம்பியது. நடு வேகத்தில் போட்டால் உறுமிக்கொண்டே நின்றது. மூன்றாம் கட்டில் விளக்கு மங்கியது. ஆச்சி வீட்டு ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் ஒவ்வொரு முறையும் வெட்டிவிட்டது. மூன்றாம் நாள் ஸ்டார்டிங் கண்டன்சர் வெடித்து, அறை முழுக்க நாற்றம்.

அதற்குப் பிறகுதான் வோல்ட் அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்தேன். முதல் நாள் செய்திருக்க வேண்டியது.

அளந்தபோது தெரிந்தது

அறையில் எதுவும் ஓடாதபோது 224 வோல்ட். மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமும்போது 158 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 46 ஆம்பியர்.

மீட்டர் பலகையிலிருந்து அறை வரை வயர் போன வழியை அளந்தால் 62 மீட்டர். வளவைச் சுற்றி, பட்டாலை மேல் ஏறி, ஒவ்வொரு கட்டுக்கும் இறங்கி வந்திருந்தது. போக 62, வர 62. மொத்தம் 124 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்புக்கு ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 7.4 ஓம் மின்தடை. ஆக இந்த வயரில் 0.92 ஓம். 46 ஆம்பியருக்கு 42 வோல்ட் வயரிலேயே போய்விடும்.

விழுந்தது 66 வோல்ட். மீதி 24 எங்கே? வயரை அடி அடியாகத் தொடர்ந்து போனதில் இரண்டாம் கட்டில் ஒரு மரக் கட்டைக்குப் பின்னால் பழைய முறுக்கு இணைப்பு அகப்பட்டது. டேப் கருகி, செம்பு கறுத்திருந்தது. இன்னும் சில நாள் அப்படியே ஓட்டியிருந்தால் தேக்கு உத்திரத்துக்குப் பக்கத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்த பிறகும் மிச்சமிருந்த இறக்கம் தெருக் கம்பியிலிருந்து வருவது.

மோட்டார் கிளம்பும் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குச் செய்த மோட்டாருக்கு 158 கொடுத்தால் கிடைப்பது பாதிக்கும் குறைவு. அந்தப் பாதி விசையால் எட்டங்குல சக்கை அசைக்க முடியாமல் நின்று, பத்து மடங்கு நேரம் உச்ச ஆம்பியரை இழுத்துக்கொண்டிருந்தது. சில வினாடிக்கு மட்டும் மின்சாரம் ஏறுவதற்காகச் செய்த கண்டன்சர் அதைத் தாங்கவில்லை.

எர்த்தையும் சோதித்தேன். பழைய குழாய் பங்குனி வெயிலில் 38 ஓம் காட்டியது. இங்கே செம்புறாங்கல் தரை. கோடையில் ஈரம் கீழே போய்விடும்.

எடுத்த முடிவும் காரணமும்

உள்ளூர் வயர்மேன் ஒரு யோசனை சொன்னார். கிணற்று மோட்டாருக்கு விவசாயிகள் செய்வது போல, பழைய மூன்று ஃபேஸ் மோட்டாரையே கண்டன்சர் வைத்து ஓட்டலாம். அவர் சொன்னதில் தவறில்லை. இந்தப் பக்கம் எத்தனையோ பம்ப் அப்படி ஓடுகிறது. ஆனால் பம்ப்புக்குச் சுமை எப்போதும் ஒன்றுதான், அதற்கேற்ற கண்டன்சரைத் தேர்ந்து வைத்துவிடலாம். லேத்தில் ஒரு நிமிடம் வெறும் ஓட்டம், அடுத்த நிமிடம் ஆழமான வெட்டு. மூன்று சுருளிலும் மின்சாரம் சமமாக இராமல் மோட்டார் சூடேறும். அதனால் வேண்டாம் என்றேன்.

தேர்ந்தது வி.எஃப்.டி. டிரைவ் (அலைவெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி): சிங்கிள் ஃபேஸ் 230 உள்ளே போகும், மூன்று ஃபேஸ் 230 வெளியே வரும். அடுத்த சிக்கல் அங்கேதான். மோட்டாரோ 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று சுருளின் ஒவ்வொரு முனையும் ஒரே முடிச்சில் சேர்வது) கட்டியது. அதே சுருளை டெல்டாவாக (சுருள்களை முக்கோணமாக இணைப்பது) மாற்றினால் 415ஐ 1.732ஆல் வகுத்த 240 வோல்ட்டுக்கு அது சரியாகப் பொருந்தும். நம் நாட்டில் 2 எச்.பி. வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார், 3 எச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் 415க்கே டெல்டா. அண்ணன் 3 எச்.பி. லேத் வாங்கியிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். தப்பியது எங்கள் அறிவால் அல்ல.

டெர்மினல் பெட்டியைத் திறந்தேன். ஆறு முனை இருந்தால் பட்டையை மாற்றிப் போட்டு ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். மூன்று முனைதான் வெளியே வந்திருந்தது. ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுபவர் ஒருவர் முடிச்சைத் தேடிப் பிரித்து, ஆறு முனையையும் வெளியே கொண்டுவந்து, வார்னிஷ் போட்டு, மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்துக் கொடுத்தார். 1,200 ரூபாய். இந்த வேலை முழுவதிலும் காசுக்கு மிஞ்சிய உழைப்பு அவருடையதுதான்.

வயரையும் மாற்றினோம். மீட்டர் பலகையிலிருந்து பட்டறைக்கு மட்டும் தனியாக, நடுவில் இணைப்பே இல்லாமல், 6 ஸ்கொயர் செம்பு. மின்தடை 0.38 ஓமாகக் குறைந்தது. டிரைவ் வேகத்தை மெல்ல ஏற்றுவதால் உச்சத்திலும் 14 ஆம்பியரைத் தாண்டவில்லை. வயரில் 5 வோல்ட் போகிறது. மூன்றாம் கட்டு விளக்கு இப்போது கண் சிமிட்டுவதில்லை.

எர்த்துக்கு, பின்முற்றத்தில் புழங்கிய தண்ணீர் வந்து விழும் இடத்தில் புதுக் குழி. ஜி.ஐ. குழாய், கரி, உப்பு. 6 ஓம் வந்தது. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆச்சியே பொறுப்பெடுத்துக்கொண்டார்.

வி.எஃப்.டி. ஓடிய பிறகு

வைகாசி நடுவில் லேத் ஓடியது. எல்லாம் முதல் நாளே சரியாகிவிடவில்லை.

டிரைவுக்கு மின்சாரம் கொடுத்ததும் வீட்டின் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச்) விழுந்தது. இது பழுதல்ல. டிரைவின் உள்ளே இரைச்சலை வடிக்கும் கண்டன்சர்கள் வழியாக எர்த்துக்கு எப்போதும் கொஞ்சம் கசியும். பட்டறை வயரைத் தனியாகப் பிரித்து, டிரைவுக்கு அதன் கையேடு கேட்ட வகையில் 100 மில்லி ஆம்பியர் வைத்தேன். சாதாரண ஏசி வகையை டிரைவுக்கு நம்பக் கூடாது. கை விளக்கு, கிரைண்டர் செருகும் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் தனியாக உண்டு; உயிர்க் காப்பு அது, அதில் கை வைக்கவில்லை.

அடுத்தது நிறுத்தம். வேகமாக நிற்கட்டும் என்று நிறுத்த நேரத்தை 1 வினாடி என்று வைத்தேன். சுற்றும் சக் மோட்டாரை ஜெனரேட்டராக்கித் திருப்பி அனுப்பிய மின்சாரத்தில் டிரைவ் ‘ஓவர் வோல்டேஜ்’ என்று நின்றது. அந்த மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் வாங்கலாமா என்று கேட்டேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘தம்பி, இந்த சக் மரை போட்டு ஏறுற சக். திடீர்னு பிடிச்சா ஸ்பிண்டில் நிக்கும், சக் நிக்காது. அவுந்து ஓடி வரும்.’ எட்டங்குல சக் சுற்றியபடியே கழன்று விழுவதை அவர் தொழிற்சாலையில் ஒருமுறை பார்த்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. நிறுத்த நேரம் 6 வினாடியாயிற்று. ரிவர்ஸ் ஓட்டத்தையும் டிரைவிலேயே அடைத்துவிட்டோம்.

லேத்தோடு வந்த பழைய கைப்பிடி ஸ்விட்ச் மோட்டாருக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் இருந்தது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அப்படி வெட்டி இணைத்தால் டிரைவ் கெட்டுப்போகும். அதே ஸ்விட்சை டிரைவுக்குக் கட்டளை மட்டும் கொடுக்கும் மெல்லிய வயருக்கு மாற்றினேன். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது கைப்பிடி ‘ஆன்’ நிலையில் இருந்தாலும் லேத் தானாக ஓடக் கூடாது என்ற அமைப்பையும் போட்டு, மெயினை அணைத்து மூன்று முறை சோதித்தோம்.

டிரைவில் வேகத்தை எவ்வளவும் குறைக்கலாம் என்பதில் ஒரு மயக்கம் உண்டு. 15 ஹெர்ட்ஸில் அரை மணி நேரம் ஓட்டியதில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. காற்றாடியும் அதே தண்டில்தான் மெல்லச் சுற்றுகிறது. இப்போது 30க்கும் 60க்கும் இடையில்தான் வைக்கிறார். அதற்குக் கீழே வேண்டுமென்றால் பெல்ட்டை மாற்றுகிறார்.

ஆச்சியின் புகார் வேறு. லேத் சத்தம் பெரிதாக இல்லை, ஆனால் ‘கொசு காதுல பாடுற மாதிரி’ ஒரு ரீங்காரம் மத்தியானம் தூங்க விடவில்லை என்றார். டிரைவின் கேரியர் அலைவெண்ணை (டிரைவ் உள்ளே மின்சாரத்தை வெட்டி இணைக்கும் வேகம்) 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8க்கு உயர்த்தினேன். டிரைவ் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிறது, ரீங்காரம் போய்விட்டது. இருந்தாலும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை லேத் ஓடாது என்று அண்ணனே ஒரு விதி வைத்துக்கொண்டார்.

செலவும் விளைவும்

லேத் நீங்கலாக, வண்டியும் ஏற்று கூலியும் 14,000. டிரைவ் 14,500. வயரும் குழாயும் 15,000க்குக் கொஞ்சம் மேல். எர்த் குழி 4,500. வீணான சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைத் திருப்பி விற்றதில் 6,000 கிடைத்தது. 5,500 நஷ்டம், கண்டன்சர் தனி. மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு ஐம்பது யூனிட் அளவில் கூடியிருக்கிறது.

ஐப்பசி மழைக்குப் பிறகு லேத் சற்றுக் கூம்பாக வெட்டத் தொடங்கியது. தளம் ஓரமாக இறங்கி பெட் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்று அண்ணன் மட்டக்கோல் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு மெல்லிய தகடு செருகியதில் சரியானது. 2024 தை வரைக்கும் ஒன்பது கதவுகளுக்குக் குடுமிப் பித்தளை, முகப்புக் கதவின் தாழ்ப்பாளுக்கு முழுப் புதுத் திருகு, பங்காளி வீட்டுச் சாமான் அறைப் பூட்டுக்கு ஒரு பின் முடிந்திருந்தன.

காரைக்குடியில் பழஞ்சாமான் வியாபாரம் செய்யும் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, மாதம் இருபது பூட்டு தருகிறேன், கூலி தருகிறேன் என்று வந்தார். வீட்டு இணைப்பில் கூலிக்கு வேலை செய்வது கட்டண வகையை மீறுவதாகும். மீட்டரோ பதினோரு பேருக்குப் பொது. அண்ணன் மறுத்துவிட்டார்.

மறுபடி செய்தால்

லேத் பார்க்கக் கிளம்புவதற்கு முந்தின நாள், பட்டறை அறையில் 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்றைப் போட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன். அது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 10 வோல்ட் இறங்கினால், கிளம்பும்போது 45 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 50 இறங்கும். இந்த வீட்டில் கறுத்த இணைப்பையும் சேர்த்து 13 வோல்ட் இறங்கியிருக்கும். 11,500 ரூபாய் மோட்டாரை அன்றைக்கே மறந்திருப்போம்.

கடையில் டெர்மினல் பெட்டியைத் திறக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஸ்டாரா டெல்டாவா, மூன்று முனையா ஆறா என்று பார்த்துவிட்டு விலை பேசுவேன். சக் எப்படி ஏறுகிறது என்று அண்ணனிடம் முதலிலேயே கேட்டிருப்பேன்.

டிரைவை வைத்த இடத்தையும் மாற்றுவேன். சுண்ணாம்புச் சுவரில் தேக்குப் பலகை வைத்துப் பொருத்தினோம். சுவரிலிருந்து உதிரும் பொடி காற்றாடி வழியாக உள்ளே போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊதித் துடைக்க வேண்டியிருக்கிறது.

மூன்று ஃபேஸுக்கான பெயர் மாற்ற வேலையை அண்ணன் கைவிடவில்லை. சம்மதக் கடிதத்தில் பதினொருவரில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. மலேசியாவிலிருந்தும் வந்துவிட்டது. பாக்கி இரண்டும் சென்னை.